மட்லிக் தண்ணீருக்கு ஒரு ரிசீவர்

ஓக்கி எஸ்டெப் கோர்ட்டில் எழுந்து நின்ற அன்று, நான் அவருக்குப் பின் வரிசையில் மடியில் ஒரு ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜாடிக்குள் என் வீட்டுக் குழாய்த் தண்ணீர். பார்த்தவர்கள் முதல் டிகாக்‌ஷன் என்று சத்தியம் செய்வார்கள். மட்லிக்கிலிருந்து வந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு ஜாடி கொண்டுவந்திருந்தோம். உள்ளே விடும்போது வாசல் காவலர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

மட்லிக் என்றால் சேற்றை நக்குகிற இடம் என்று அர்த்தம். முன்னொரு காலத்தில் மான்கள் உப்புக்காக அங்கே வந்து சேற்றை நக்குமாம். மான்கள் விட்டுவிட்டுப் போனதை ஒன்பது வருடமாக நாங்கள் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தோம். மேற்கு வர்ஜீனியாவில், இரண்டு மலைக்கு நடுவே, ஓடையை ஒட்டி அறுபத்து மூன்று வீடு. என் கணவர் சுரங்கத் தொழிலாளர்களுக்கு டாக்டராக வந்தார். நான் பள்ளியில் கணக்கு டீச்சரானேன். இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. என் வீடு மேட்டில் கடைசி வீடு. தண்ணீர் கடைசியாக வருவது எனக்கு, அதனால் கோபம் முதலில் வருவதும் எனக்குத்தான்.

தண்ணீர் விடுகிற கம்பெனி விட் குடும்பத்துடையது. தாத்தா நிலக்கரிக் கம்பெனி நடத்தியபோது தொழிலாளர் வீடுகளுக்காகப் போட்ட குழாய். பேரன் கிரேசன் விட் ஃபுளோரிடாவில் போய் உட்கார்ந்துகொண்டு, முதலில் கடிதத்துக்குப் பதில் போடுவதை நிறுத்தினான், பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான். 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்று ஒரு வாரத்துக்காக ஒட்டிய நோட்டீஸ் வெளுத்துக் கிழிந்து, புது நோட்டீஸ் ஒட்டி, அதுவும் வெளுத்தது. கடைசியில் மாநில ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. மாநில உரிமம் வாங்கி ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற கம்பெனியை முதலாளி இப்படி அம்போ என்று விட்டால், கோர்ட் அதை அவன் கையிலிருந்து எடுத்து ஒரு ரிசீவர் கையில் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ரிசீவராக வர யாரும் தயாரில்லை. பக்கத்துத் தண்ணீர் வாரியங்கள் மூன்றும் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டன.

நீதிபதி மேக்சீன் ஹார்லெஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"உங்கள்ல யாராவது இதுக்கு முன்னாடி ரிசீவரா இருந்திருக்கீங்களா?"

ஓக்கி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நெட்டையான மனிதர், வயது அறுபது.

"நான் இருந்திருக்கேன் நீதிபதியம்மா. மூணு வருஷம்."

"எங்க?"

"ஹைஸ்கூல்லம்மா. மூணு வருஷத்துல ரெண்டே ரெண்டு பந்துதான் கீழ விட்டிருக்கேன்."

இந்த ஊர் ஃபுட்பாலை அதிகமும் கையால்தான் விளையாடுவார்கள். தூரத்திலிருந்து எறிகிற பந்தை ஓடிக்கொண்டே பிடிக்கிறவனுக்குப் பெயர் ரிசீவர். ஆணையத்தின் வக்கீல் ஃபைலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் நாற்பது பேரில் ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லோருமே அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நீதிபதியும் சிரிக்கவில்லை. ஓக்கியைக் கூர்ந்து பார்த்தார்.

"எழுபத்தொன்பதுல, மழையில, கடைசி நிமிஷத்துல எங்க ஸ்கூலத் தோக்கடிச்சது நீங்கதானே?"

"ஆமாங்கம்மா."

"என் அண்ணனக் கையால தள்ளிவிட்டுட்டுத்தான் அந்தப் பந்தப் பிடிச்சீங்க."

"தள்ளலைங்கம்மா. உங்க அண்ணன் வழுக்கி விழுந்தாரு."

"எங்க வீட்டுல நாப்பது வருஷமா யாரும் அப்படிச் சொல்லல." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வேலை என்ன பாத்தீங்க?"

"சுரங்கத்துல பம்ப் ஆளு. முப்பத்தோரு வருஷம். மலைக்குள்ள ஊறுற தண்ணிய வெளிய தள்ளணும்."

"இது தண்ணிய வீட்டுக்குள்ள தள்ளுற வேலை."

"எந்தப் பக்கம் போகணும்னு தண்ணிக்குத் தெரியாதும்மா. நாமதான் சொல்லணும்."

அந்தப் பதிலில்தான் நீதிபதி விழுந்தார் என்பது என் கணிப்பு. சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக விளக்கினார். "கவனமாக் கேளுங்க. கம்பெனி உங்களுது ஆகாது. என்னுதும் ஆகாது. முதலாளிகிட்ட இருந்து வாங்கி, கோர்ட்டுக்காக நீங்க பிடிச்சு வெச்சிருக்கணும். கீழ விடக்கூடாது. தகுதியான ஆள் வந்ததும் அவங்க கையில குடுத்துட்டு விலகிரணும்."

"அதத்தானம்மா அப்பவும் செஞ்சேன்" என்றார் ஓக்கி.

கெடு, நவம்பர் நான்காவது வியாழன், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அதற்குள் தண்ணீர் பரிசோதனையில் தேறினால் மாவட்டத் தண்ணீர் வாரியம் எடுத்துக்கொள்ளும். தேறாவிட்டால் மட்லிக்கைக் காலி செய்வதைப் பற்றி மாவட்டம் யோசிக்க வேண்டியிருக்கும். அப்போது மே மாதம்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். ஓக்கியின் காரில்தான் திரும்பினேன். வீட்டு வாசலில் அவர் மனைவி ஆர்வெல்லா, சாலையோர ஊற்றில் பிடித்துவந்த தண்ணீர்க் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு மூன்று தடவை, ஒன்பது வருடமாக அவளுக்கு இதே வேலை.

ஆர்வெல்லாவுக்கு இந்தப் பிறவியில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. வெள்ளைத் துணியை வெள்ளையாகத் துவைக்க வேண்டும். கல்யாணத்துக்கு அவள் அம்மா ஓரத்தில் பூத்தையல் போட்டுக் கொடுத்த விரிப்பு ஒன்று இருக்கிறது. அது ஒன்பது வருடமாகப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அந்தத் தண்ணீரில் எதை நனைத்தாலும் காவியாகத்தான் வெளியே வரும். ஊரில் எல்லோரும் பழுப்பும் நீலமுமாக உடுத்தப் பழகிவிட்டோம். அவள் பழகவில்லை. ஒஹையோவில் மகள் வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. மார்ச்சிலேயே ஆர்வெல்லா அட்டைப் பெட்டிகளில் சாமான் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஓக்கி விஷயத்தைச் சொன்னார். அவள் கடைசிக் கேனையும் இறக்கி வைத்தாள்.

"அந்தம்மா உனக்கு எதுவரைக்கும் கெடு குடுத்திருக்கு?"

"தேங்க்ஸ்கிவிங் வரைக்கும்."

"என் கெடுவும் அதேதான். மறுநாள் கிளம்புறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அவள் வெறும் மிரட்டலுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஓக்கி என்னைத் தனியாகப் பார்த்துச் சொன்னார். "ஒஹையோவுல ஒரு வாரம் இருந்து பாத்தேன் டீச்சர். தரை முழுக்க தட்டையாக் கெடக்கு. மலையே இல்ல. மனுஷன் எதுல சாஞ்சு நிக்கிறது?"

தமிழில் ரிசீவர் என்றால் எனக்குத் தெரிந்து இரண்டு அர்த்தம். சண்டை போடும் பங்காளிகளின் ரைஸ்மில்லுக்குக் கோர்ட் போடுகிற ஆள் ஒன்று, டெலிபோனில் காதில் வைப்பது இன்னொன்று. ஓக்கி அந்தக் கோடையில் இரண்டுமாக ஆனார். பூமிக்குள் எங்கே குழாய் போகிறது என்று வரைபடம் எதுவும் கிடையாது. இருந்த ஒன்றையும் பேரன் எந்தக் குப்பையில் போட்டானோ. ஓக்கி சுரங்கத்தில் கூரையை இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்துப் பாறை பிடித்திருக்கிறதா விழப்போகிறதா என்று சொல்லப் பழகியவர். இப்போது அதே கம்பியைத் தெருவில் வால்வுக்கு வால்வு ஊன்றி, மறு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்பார். எங்கே குழாய் உடைந்து தண்ணீர் ஒழுகுகிறதோ அங்கே உஸ் என்று கேட்குமாம். போகிற வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் ஜன்னலை இறக்கி, "யாரு ஓக்கி லைன்ல?" என்று கேட்காமல் போனதில்லை.

"உன் மாமியா. உனக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க" என்பார் இவர்.

வால்வு இல்லாத இடத்தில் இன்னொரு வித்தை செய்தார். துணி மாட்டுகிற கம்பி ஹேங்கர் இரண்டை வளைத்து, கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவர் மாதிரி புல்வெளியில் நடந்தார். கம்பிகள் குறுக்கே சாய்ந்தால் அடியில் குழாய் என்று அர்த்தமாம். இருபத்தெட்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் கண்ணெதிரே ஒரு மனிதர் இப்படிச் செய்தால் பொறுக்க முடியுமா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பாட்டுக்குத் தோண்டினார். குழாய் இருந்தது. ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது என்று என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தண்ணீர் நிலையத்தை நடத்த மாநிலத் தேர்வு ஒன்று எழுதி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. குளோரின் எவ்வளவு கலப்பது என்கிற கணக்கு அதில் பாதி. ஜூன் முழுவதும் சாயங்காலம் என் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். பெருக்கல் வாய்ப்பாடு தகராறு. ஆனால் ஒரு தொட்டியைக் கண்ணால் பார்த்து எவ்வளவு தண்ணீர் என்று சொன்னால் சொன்னதுதான். நான் தாளில் போட்டுச் சரிபார்ப்பதற்குள் அவர் காரமான இறைச்சி பொதிந்த பெப்பரோனி ரொட்டியில் இரண்டு தின்று முடித்திருப்பார். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். தேர்வில் தேறிய செய்தி வந்த அன்று நான்தான் அழுதேன்.

செப்டம்பருக்குள் பதினோரு உடைப்பை அடைத்தாயிற்று. ஊரே கூடி நின்று மண்வெட்டி போட்டது. சர்ச்சுப் பெண்கள் பீன்ஸும் சோள ரொட்டியும் சமைத்துக் கொண்டுவந்து சாலையோரத்திலேயே பரிமாறினார்கள். வடிகட்டியில் இருந்த பழைய மணலை வாரிக் கொட்டிப் புது மணல் போட்டார்கள். ஓக்கி ஸ்பேனர் ஒன்றைத் தொட்டிக்குள் நழுவவிட்டதும் அன்றைக்குத்தான். என் மேட்டு வீட்டில் முதல் தடவையாக ஷவரில் தண்ணீர் விழுந்தது, காவி நிறம்தான் என்றாலும் வேகமாக விழுந்தது. ஆர்வெல்லா மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுப்பாள், வீட்டுக்குப் போய் இன்னொரு பெட்டியைக் கட்டுவாள்.

அக்டோபரில்தான் அந்தக் கூத்து நடந்தது. குழாய்க்குள் அறுபது வருட வண்டல் படிந்து கிடந்தது. அதை ஒரே மூச்சில் அடித்து வெளியேற்றினால்தான் தண்ணீர் தெளியும். ஓக்கி ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்த்து, வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முழு வேகத்தில் தண்ணீரை ஓட விட்டார். எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை மறந்துவிட்டார். மறுநாள் சர்ச்சில் திருமுழுக்கு. அதற்கான தொட்டியைச் சனிக்கிழமை மத்தியானம்தான் நிரப்புவார்கள். குழாயைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு முன்னால் இருந்த திரையை விலக்கினார்கள். விளக்கு மங்கல், தொட்டி ஆழம், யாரும் கவனிக்கவில்லை. சர்ச்சின் போதகர் பிரதர் டெல்மர் வெள்ளை அங்கியோடு இறங்கினார். முழுக்குக்கு வந்த மூன்று பேரும் வெள்ளை அங்கி. முதல் ஆள் முங்கி எழுந்ததும் சர்ச் முழுக்க மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. தேநீரில் முக்கிய பிஸ்கட் நிறத்தில் எழுந்து நின்றார். ஆர்வெல்லா பியானோ வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஓக்கி பெஞ்சிலிருந்து எழுந்தார். "என் தப்பு பிரதர். நேத்து குழாயக் கழுவினேன்."

பிரதர் டெல்மர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு தன் அங்கியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "பரவால்ல ஓக்கி. பாவத்தக் கழுவினா தண்ணி கலங்கத்தான் செய்யும். இவங்க மூணு பேருகிட்டயும் இவ்வளவு இருக்கும்னு நான்தான் நெனைக்கல."

பாக்கி இரண்டு பேரும் அதே தண்ணீரில்தான் முழுகினார்கள். அன்றைக்கு அந்தச் சர்ச்சில் எழுந்த சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை, எனக்கு வயிறே வலித்தது. ஆர்வெல்லா மட்டும் சிரிக்கவில்லை. பியானோவின் மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினாள். திங்கட்கிழமை கடையில் அவளைப் பார்த்தேன், பெட்டி ஒட்டுகிற டேப் நான்கு சுருள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த அழுக்கு போனதாலதான் இனிமே தெளியும் ஆர்வெல்லா" என்றேன்.

"ஒன்பது வருஷமா எல்லாரும் அதத்தான் சொல்றாங்க டீச்சர்."

உண்மையிலேயே தெளிந்தது. செவ்வாய்க்கிழமை சர்ச்சுக் குழாயில், வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில், அடுத்த வாரம் என் வீட்டில். நான் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றேன். ஆர்வெல்லா தன் வீட்டுக் குழாயைத் திறக்கவே இல்லை. திறந்து பார்த்து ஏமாற அவளுக்குத் தெம்பில்லை. அவள் பாட்டுக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய்வந்தாள். ஓக்கியும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் தேறியது என்கிற சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்னால் அவளிடம் சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். ஐந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மறுபடி ஐந்து. அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

முடிவு வந்தது தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை. பத்தும் தேறிவிட்டன. அன்றைக்கே கோர்ட்டில் கடைசி விசாரணை. அதே ஊறுகாய் ஜாடியோடு நானும் போனேன். வாசல் காவலர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"காலி ஜாடிய எதுக்கும்மா தூக்கிட்டு வர்றீங்க?"

ஆட்டிக் காட்டினேன். உள்ளே தண்ணீர் அலைந்தது. அந்த மனிதர் இந்தத் தடவை முகர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

ஓக்கியின் இறுதி அறிக்கை ஒரே ஒரு தாள். நீதிபதி படித்தார். வாரியத்தின் ஆள் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"எதையாவது கீழ விட்டீங்களா எஸ்டெப்?"

"ஒரு ஸ்பேனர்மா. தொட்டிக்குள்ள. இன்னும் அங்கதான் கெடக்கு. ரெண்டாவது வரியில எழுதியிருக்கேன்."

"ஸ்பேனர் சேத்தியில்ல" என்றார் நீதிபதி. "இந்தக் கோர்ட் உங்கள விடுவிக்குது. ரொம்ப நல்லாப் பிடிச்சீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "இத எங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

வீட்டுக்குப் போய் ஓக்கி சான்றிதழை ஆர்வெல்லாவின் கையில் கொடுத்தாராம். அவள் இரண்டு தடவை படித்தாளாம். மடித்து மேஜையில் வைத்துவிட்டு, வான்கோழிக்கு மசாலா தடவப் போய்விட்டாளாம்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல என் எலுமிச்சை சாதத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில், ஆனால் குளிர். முந்தின நாள் மழையில் முற்றம் சேறாகக் கிடந்தது. முன்னறையில் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் டேப் கிழிந்து, வாய் திறந்து கிடந்தது. ஓக்கி பின்பக்கம் துணிக்கொடிக்குக் கீழே, பள்ளிக்கூட வாசலில் பயந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"காலையில இருந்து மெஷின் ரெண்டு தடவ ஓடுச்சு டீச்சர். என்னன்னு கேக்க பயமா இருக்கு."

கதவு திறந்தது. ஆர்வெல்லா பிழிந்து சுருட்டிய ஈரத் துணியோடு படியில் வந்து நின்றாள். அவள் அம்மா பூத்தையல் போட்ட விரிப்பு. வெயில் பட்டதும் கண் கூசியது. ஒன்பது வருடமாக அந்த ஊரில் அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை.

"ஓக்கி" என்றாள். "பிடி."

படியிலிருந்தபடியே எறிந்தாள். நல்ல எறி, நேராக அவர் நெஞ்சுக்குத்தான் வந்தது. ஆனால் அவர் கண் நிறையத் தண்ணீர். கையை நீட்டினார். விரிப்பு விரலில் பட்டு, நழுவி, விரிந்து, மட்லிக்கின் சேற்றில் போய் விழுந்தது.

ஓக்கியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆர்வெல்லா படியிறங்கி வந்து விரிப்புக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரெண்டே ரெண்டு தடவதான் கீழ விட்டேன்னு கோர்ட்டுல சொன்னியாமே?"

"இது மூணாவது" என்றார் ஓக்கி.

முதலில் அவள் தோள் குலுங்கியது. அப்புறம் சிரித்தாள் பாருங்கள், எதிர் மலையிலிருந்து காக்கைகள் கிளம்பின. சர்ச்சில் சிரிக்காமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, சேறு சொட்டச் சொட்ட விரிப்பை வாரி எடுத்தாள்.

"அப்ப ஒஹையோ?" என்று ஓக்கி மெதுவாகக் கேட்டார்.

"இந்தச் சேத்தத் தூக்கிக்கிட்டா ஒஹையோவுக்குப் போறது?" என்றாள் அவள், படியேறிக்கொண்டே. "தண்ணிதான் இருக்கே. இன்னொரு தடவ அலசினாப் போச்சு."

உள்ளே போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.